கீரைக்கட்டு வாங்கப் பெட்ரோல்

சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கேளம்பாக்கம், படூர், தாழம்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மனை விளம்பரங்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: ஐடி பூங்கா பத்து நிமிடம், பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம், மால் பக்கத்திலேயே. கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. பால் காய்ச்சிக் குடிவந்த மறுநாள் காலையில் அதுதான் முதல் கேள்வி. பிரதான சாலையோரத்தில் பிரியாணிக் கடை, டைல்ஸ் ஷோரூம், செல்போன் கடை, மருந்துக்கடை எல்லாம் வந்துவிடுகின்றன. அங்கே கேட்கிற வாடகையும் அட்வான்ஸும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். காய்கறிக்காரருக்குக் கட்டாது. ஆகவே, உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரிலிருந்து ஒரு கீரைக்கட்டுக்காக ஸ்கூட்டரை எடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதவருக்கும், வீட்டில் இருக்கும் ஒரே வண்டி பகலில் அலுவலகம் போய்விடுகிற வீட்டாருக்கும் அந்த வழியும் இல்லை. வீட்டுமனைக்கு அனுமதி கொடுக்கும்போதே சாலையையும் பூங்காவையும் கேட்டு வாங்குகிற அரசு, நடந்துபோகிற தூரத்தில் ஒரு சந்தைத் திடலையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் வாதம்.

தேவை இல்லாத இடத்தில் சந்தையைத் திணிக்கச் சொல்லவில்லை. தேவை தினமும் மாலையில் தெருமுனையில் வந்து நிற்கிறது. ‘குட்டி யானை’ என்று ஊரே அழைக்கும் அந்தச் சின்ன லாரி, பதிவுசெய்த குரலில் வெங்காய விலையைக் கூவிக்கொண்டு வந்து ஓரங்கட்டினால், ஐந்தாவது நிமிடம் பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள்; கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புழு ஓட்டை இருப்பதை ஒதுக்குகிறார்கள்; கால் கிலோ, அரை கிலோ என்று கையிலிருக்கும் காசுக்கு ஏற்ப வாங்கிவிட்டு, கொசுறாகக் கொஞ்சம் கொத்தமல்லியும் கேட்கிறார்கள். ஒரு நாள் போக்குவரத்துக் காவலர் விரட்டுவார், ஒரு நாள் குடியிருப்போர் சங்கத்தார் புகார் சொல்வார்கள். லாரி வேறு முனைக்குப் போய்விடும். வாங்குபவர் இருக்கிறார், விற்பவர் இருக்கிறார், நிற்க இடம்தான் இல்லை.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் மத்திய அரசு ஒரு நல்ல சட்டம் கொண்டுவந்தது. நகர விற்பனைக் குழு, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அடையாள அட்டை, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் என்று பலதும் அதில் உண்டு. ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கிராம ஊராட்சியை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. நம் புறநகரோ பெரும்பாலும் கிராம ஊராட்சிகளில்தான் வளர்கிறது. ஊருக்குள் பல மாடிக் கட்டடங்கள் எழுந்தாலும் ஏட்டில் அது கிராமம். ஒருநாள் அதை மாநகராட்சியோடு இணைப்பார்கள், சட்டமும் வந்து சேரும். அதற்குள் திடலாக இருக்க வேண்டிய புறம்போக்கில் வேறு ஏதாவது முளைத்திருக்கும். இத்தனைக்கும் பொதுச் சந்தை நடத்த ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. ரேஷன் கடை விஷயத்தில் இத்தனை அட்டைக்கு ஒரு கடை, கார்டுதாரர் அதிக தூரம் நடக்கக் கூடாது, இல்லாவிட்டால் பகுதிநேரக் கடையாவது திறக்க வேண்டும் என்று அரசு கணக்கு பார்க்கிறது. அரிசிக்குப் பார்க்கும் கணக்கைத் தக்காளிக்கு யாரும் பார்ப்பதில்லை.

பத்து நிமிடத்தில் வாசலுக்கே வருகிறதே, சந்தை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செயலியை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் 30 ரூபாய்க்குக் காய் வாங்குகிறவருக்கு டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், சிறிய ஆர்டருக்குத் தனிக் கட்டணம் என்று சேர்ந்தால் காயைவிடக் கூலி அதிகமாகிவிடும். செயலி எல்லோருக்குமான பதில் இல்லை என்பதற்குப் பெரும்பாக்கத்தைப் பார்த்தாலே போதும். நீர்நிலைக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களுக்காக அங்கே 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் அடுக்குமாடிகளாகக் கட்டப்பட்டன. அன்றன்றைய கூலியில் அன்றன்றைய சமையல் நடக்கும் வீடுகள் பல. நகரத்தின் நடுவில் இருந்தபோது தள்ளுவண்டியில் விற்றுப் பிழைத்தவர்களும் அவர்களில் உண்டு. அங்கே ஒரு திடல் என்றால் வாங்குபவருக்கு மட்டுமில்லை, விற்பவருக்கும் அதுதான் வாழ்வு.

குப்பை, நெரிசல் என்ற ஆட்சேபத்தை அப்படி லேசாகத் தள்ளிவிட முடியாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நாளில் அந்தப் பக்கம் போகிறவர் யாரும் நெரிசலைப் பற்றிப் புகழ்ந்து பேச மாட்டார். ஆனால் செடி, பழைய சாமான், காய்கறி, புறா என்று வாரம் ஒருநாள் மட்டும் கூடிக் கலைகிற அந்தச் சந்தைதான் எனக்கு வழியும் காட்டுகிறது: கட்டடம் வேண்டாம், இடமும் நேரமும் குறித்தால் போதும். நெரிசல் வருவது சந்தையால் இல்லை, சந்தைக்குச் சாலையைத் தவிர இடம் வைக்காததால். தரை போட்ட அரை ஏக்கர், குடிநீர்க் குழாய், பெண் வியாபாரிகளும் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, இரவே குப்பையை அள்ள ஒரு வண்டி. செலவை ஈடுகட்டத் தினசரி சுங்கம். நிலம் தங்க விலை விற்கிறதே என்றால், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதி வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். மனைகள் விற்காமல் போகவில்லை.

சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. இரண்டாவது பெருந்திட்டத்தின் காலம் 2026 வரைதான். மூன்றாவதின் வரைபடத்தில் வணிகப் பகுதிக்கு நிச்சயம் ஒரு நிறம் இருக்கும். மாலுக்கும் காய்கறிக் கூடைக்கும் அதே நிறம்தான் என்றால் மால்தான் ஜெயிக்கும். சந்தைத் திடலைத் தனியே குறிக்க வேண்டும். எங்கே குறிப்பது என்று தெரியாவிட்டால் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. மாலை ஐந்து மணிக்கு எந்தெந்த முனையில் வண்டியை நிறுத்தினால் சரக்கு தீரும் என்று ஒரு குட்டி யானை ஓட்டுநரைக் கேட்டாலே போதும்.