நடுப்பள்ளத்தை மண் போட்டு மூடினால் என்ன?

மோட்டோகிராஸ் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஆகாயத்தில் பறக்கும் பைக்குகள்தான். டிவியில் பார்த்தால் புல்லரிக்கும். ஆனால் இந்த விளையாட்டை ஆடுபவர்களில் பெரும்பாலோர் டிவியில் வருவதேயில்லை. அமெரிக்காவில் சனி, ஞாயிறு வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் அப்பாக்களும் ஊருக்கு வெளியே இருக்கும் மண் டிராக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். டென்னஸி மாநிலத்தில் லொரெட்டா லின் பண்ணையில் 1982 முதல் நடக்கும் தேசிய அமெச்சூர் போட்டியில் 4 வயதுக் குழந்தைக்கும் பிரிவு உண்டு, 50 வயதைத் தாண்டியவருக்கும் பிரிவு உண்டு.

கேள்வி இதுதான். இவர்கள் ஓட்டும் டிராக், இவர்களை மனதில் வைத்துத்தான் போடப்படுகிறதா?

கொஞ்சம் பழைய கதை. 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லி பகுதியில் "ஸ்கிராம்பிள்" என்ற பெயரில் இந்தப் பந்தயம் ஆரம்பித்தபோது டிராக் என்று யாரும் எதையும் கட்டவில்லை. மேடு, பள்ளம், சேறு எல்லாம் இயற்கை கொடுத்தது. 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் ஸ்டேடியத்துக்குள் மண்ணைக் கொட்டிப் பந்தயம் நடத்தினார்கள். சூப்பர்கிராஸ் பிறந்தது. மேடுகளை மனிதன் கட்ட ஆரம்பித்தான். அதே பத்தாண்டில் பைக்கின் சஸ்பென்ஷன் 4 அங்குலம் அசைந்த நிலையிலிருந்து 12 அங்குலம் வரை வளர்ந்தது. 1998இல் யமஹா ஒய்இசட்400எஃப் வந்த பிறகு ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களின் காலம். வளைவிலிருந்து வெளியே வந்த உடனேயே பெரிய ஜம்பைத் தாண்டும் இழுவை கிடைத்துவிட்டது. ஸ்டேடியத்தில் தொழில்முறை வீரர்களுக்காகக் கட்டிய மேடுகள் மெல்ல மெல்ல உள்ளூர் டிராக்குகளுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றைத் தாண்டும் திறமை மட்டும் கூடவே வந்து சேரவில்லை.

இங்கே இரண்டு வகை ஜம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மேடுகள், நடுவில் பள்ளம் என்றால் அது "டபுள்". அந்தப் பள்ளத்தையும் மண்ணால் நிரப்பி மேலே மேசை மாதிரி சமமாக்கினால் அது "டேபிள்டாப்". இரண்டிலும் ஏறும் சரிவு ஒன்றே, இறங்கும் சரிவு ஒன்றே, பறக்கும் தூரமும் ஒன்றே. சரியாகத் தாண்டுகிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தாண்டாமல் போகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எவ்வளவு தெரியும்? பள்ளிக்கூட இயற்பியலே போதும். 30 டிகிரி சரிவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பைக், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், சுமார் 17 மீட்டர் பறக்கும். வேகம் 45 ஆகக் குறைந்தால் 13.8 மீட்டர்தான். ஐந்தே கிலோமீட்டர் வேகம் குறைந்ததற்கு மூன்று மீட்டருக்கு மேல் போய்விட்டது!

இப்போது அந்த 45இல் கிளம்பியவன் எங்கே விழுகிறான்? டேபிள்டாப் என்றால் மேல்தட்டில். அந்த அடி சுமார் 2 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுவதற்குச் சமம். முதுகு அதிரும், பயம் வரும், ஆனால் இன்றைய சஸ்பென்ஷன் தாங்கிக்கொள்ளும். டபுள் என்றால் அவன் மோதுவது இரண்டாவது மேட்டின் எதிர்முகத்தில். அதுவும் 30 டிகிரியில் அவனைப் பார்த்து நிற்கிறது என்றால், அந்த அடி ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இரண்டு மாடி! அதே பையன், அதே பைக், அதே தப்பு. தண்டனை மட்டும் மூன்று மடங்கு.

வேகம் குறைய ஆயிரம் காரணம் உண்டு. ஏறும் சரிவில் ஒரு சக்கரத்தடம் ஆழமாகியிருக்கலாம். இன்ஜின் ஒரு நொடி திணறியிருக்கலாம். முன்னால் போனவன் பிரேக் பிடித்திருக்கலாம். கை ஓய்ந்திருக்கலாம். இதெல்லாம் முட்டாள்தனம் அல்ல, சாதாரண ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2000 முதல் 2007 வரை தங்களிடம் மோட்டோகிராஸ் காயத்தோடு வந்த 17 வயதுக்குட்பட்டவர்களைக் கணக்கெடுத்தார்கள். 249 பேர், 299 சம்பவங்கள். அவற்றில் ஏறக்குறைய பாதியில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு மருத்துவமனையின் கணக்கு இது.

"ஆபத்து இல்லாவிட்டால் அது மோட்டோகிராஸே இல்லை" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் டேபிள்டாப்பில் ஆபத்து போய்விடவில்லையே! அளவுக்கு மீறிப் பறந்து இறங்கும் சரிவையும் தாண்டிச் சமதரையில் விழுகிறவன் இரண்டு ஜம்பிலும் அடிபடுவான். குறைவது ஒரே ஒரு தப்பின் விலைதான்.

"டபுள் பழகாதவன் பெரிய போட்டியில் என்ன செய்வான்?" என்ற கேள்வி இன்னும் வலுவானது. பழகத்தான் வேண்டும். ஆனால் 17 மீட்டரைத் துல்லியமாகத் தாண்ட டேபிள்டாப்பிலும் கற்றுக்கொள்ளலாம். நூறு முறை தாண்டியவன் நூற்றியோராவது முறை டபுளுக்குப் போகட்டும். முதல் முறையே டபுள் என்பது நீச்சல் கற்றுக்கொடுக்கக் கிணற்றில் தள்ளிவிடுவது மாதிரி. சிலர் நீந்தி வந்தார்கள் என்பதற்காக அதை நல்ல முறை என்று சொல்ல முடியுமா?

"நன்றாக ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது" என்பது மூன்றாவது வாதம். டேவிட் பெய்லி 1983இல் அமெரிக்க சூப்பர்கிராஸ் சாம்பியன். 1987 ஜனவரியில் ஒரு பயிற்சியின்போது விழுந்தார். அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. உலகத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவருக்கே தப்பு நேரும் என்றால், பதினான்கு வயதுப் பையனுக்கு நேராதா?

பள்ளத்தை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. இறங்கும் இடம் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாத ஜம்பில், கொடியோடு ஓர் ஆள் நின்றே ஆகவேண்டும். விழுந்து கிடப்பவன் மேல் அடுத்தவன் வந்து இறங்குவதைவிடக் கொடுமை இந்த விளையாட்டில் கிடையாது. 85 சிசி ஓட்டும் சிறுவனையும் 450 சிசி ஓட்டும் பெரியவரையும் ஒரே நேரத்தில் டிராக்கில் விடக்கூடாது. நேர்பாதை நீளமாக இருந்தால் வேகம் ஏறும், அதை வளைவுகளால் உடைக்க வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்ஐஎம்கூட உலகத்தர டிராக்குகளுக்குச் சராசரி வேக வரம்பு வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: தப்பு நடக்கும் என்று எதிர்பார்த்துக் கட்டுவது.

டிராக்குகளின் வாசலில் ஒரு காகிதம் நீட்டுவார்கள். "என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பல்ல" என்று அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். அந்தக் கையெழுத்து வழக்கிலிருந்து காப்பாற்றலாம், கழுத்தெலும்பைக் காப்பாற்றாது. மேடு கட்டத் தெரிந்த டிராக்காரரிடம் டோசர் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. பள்ளத்தை நிரப்ப இன்னும் சில லோடு மண்ணும் ஒரு நாள் வேலையும் ஆகும். ஒரு பையனின் முதுகெலும்போடு ஒப்பிட்டால் அது அதிகமா?