முகமிலார் கூறும் வசை

காஷ்மீரத்தின் ஸ்ரீநகரிலே 2012ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இசைக்குழுக்களுக்கிடையே போட்டியொன்று நிகழ்ந்தது. பள்ளி மாணவியர் மூவர் கித்தாரும் மேளமும் கொண்டு அங்கே மேடையேறினர். தம் குழுவிற்கு அவர் இட்ட பெயர் 'பிரகாஷ்' என்பது. ஒளியெனப் பொருள்படும் அச்சொல், 'பிரகாசம்' என எம்மிடையும் வழங்குவதே. முதல் அரங்கிலேயே பரிசும் பெற்றனர். இரு திங்கள் கழியுமுன் அவ்வொளி அவிந்துபோயிற்று.

அவித்தது யாது? காஷ்மீரத்துத் தலைமை முப்தி, பெண்கள் இவ்வாறு பாடுதல் மார்க்கத்துக்கு ஒவ்வாதெனக் கூறியமையே காரணமென்பர் பலர். ஆயின், அதற்கு முன்னரே முகநூலில் வசைமாரி தொடங்கிவிட்டது. கற்பழிப்போம் என்ற அச்சுறுத்தல்களும் அவற்றுள் இருந்தன. முப்தியின் கூற்றுக்கு உரியவர் இன்னாரென்பது தெரியும். மறுப்போர் அவரை நோக்கி மறுக்கலாம். வசைக்கோ உரியவர் இலர். முகமிலார் கூடி வைதற்கு முகநூலே களமாயிற்று!

பெண்பாலார் பாடுதல் அம்மண்ணுக்குப் புதிதுமன்று. பதினாறாம் நூற்றாண்டின் ஹப்பா காத்தூன் பாடல்களைக் காஷ்மீர மக்கள் இன்றும் பாடுகின்றனர். ராஜ் பேகம் 1954 முதல் அந்நாட்டு வானொலியிற் பாடிப் புகழெய்தினார். ஆதலின், மரபைக் காத்தற்கே வைதோம் என்பது பொருந்தாது.

வசை வேறு, கண்டனம் வேறு. நக்கீரர் இறைவன் பாட்டிலே குற்றங் கண்டதாகத் திருவிளையாடற் கதை கூறும். அவர் அவையிலே நேர்நின்று, பாட்டின் குற்றத்தையே பேசினார். விளைவையும் தாமே ஏற்றார். பெயர் மறைத்து, பாட்டை விடுத்து, பாடியவளின் உடலையும் மானத்தையும் தாக்குவோரைக் கண்டனகாரர் என்றல் தகுமோ?

வசை நாடறிந்த செய்தியான பின்னர், அந்நாள் முதலமைச்சர் உமர் அப்துல்லா சிறுமியர்க்கு ஆதரவு கூறினார். பொலிசார் வழக்குப் பதிந்து சிலரைக் கைதுசெய்தனர். எனினும் 2013 பெப்ரவரியில் மூவரும் பாடுவதைக் கைவிட்டனர். இணையத்து வசையைத் தண்டிக்க அக்காலத்து இந்தியாவில் வழங்கிய சட்டப்பிரிவு 66-அ, வரையறையின்றிப் பேச்சுரிமையை நெரிக்கின்றதென 2015இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. தெளிவற்ற சட்டம் வைதவனையும் பிடிக்கும். நேர்மையாக வினவியவனையும் பிடிக்கும். கொடிய அச்சுறுத்தலைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். ஆயின், தண்டனை வருமுன்னரே பாடகி வாய்மூடிவிடுகின்றாள்.

ஆதலின் முதற்காவல் அயலிலுள்ளோரிடமே அமைந்துள்ளது. வசையைக் கண்ட சிறுமி முதலில் நாடுவது தாயை, தோழியை, அல்லது ஆசிரியரை. "உனக்கேன் இந்தப் பாட்டு?" என்று அவர் வினவுவாராயின், வைதவன் தொடங்கியதை அவரே முடித்துவைத்தவராவர். "பாடு, நாங்கள் உடனிருக்கின்றோம்" என்பாராயின், அவள் மீண்டும் மேடையேறக் கூடும். இச்சொல்லைக் கூறும் பொறுப்பு, கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட எம்மனோர்க்கு ஏனையோரினும் மிக உண்டு.