துப்பாக்கி மாதிரி செய்த வண்டி

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவின் 1986 மாடல் புல்லட்டுக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதா, விற்றுவிட்டுப் புதுசு வாங்குவதா? "டேய், இது துப்பாக்கி மாதிரி செஞ்ச வண்டிடா, ஆயுசுக்கும் ஓடும்" என்கிறார் பெரியப்பா. "இப்ப வர்ற இன்ஜின்தான் உழைக்கும்ணே" என்கிறார் அப்பா.

பெரியப்பா சொன்னது அந்தக் கம்பெனியின் பழைய விளம்பர வாசகம். இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததால் வந்த பெயர்தான் ராயல் என்ஃபீல்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து நம்ம திருவொற்றியூருக்கு வந்தது. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராக ஆரம்பித்துவிட்டன. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்டபோதும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை.

சரி, துப்பாக்கி மட்டும் ஆயுசுக்கும் உழைக்குமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

.357 மேக்னம் தோட்டா 1935-ல் வந்தது. அதைச் சுட ஸ்மித் & வெஸ்ஸன் செய்த ரிவால்வர் பெரிய சட்டம், நல்ல கனம். நாள் முழுக்க இடுப்பில் சுமக்க முடியாது. பில் ஜோர்டான் என்ற அமெரிக்க எல்லைக் காவலர் யோசனை சொல்ல, 1955-ல் சிறிய சட்டத்தில் ஒன்று வந்தது. அதுதான் பின்னாளில் மாடல் 19 என்று பெயர் வாங்கியது. பயிற்சிக்குச் சாதாரண .38 தோட்டா, அவசரத்துக்கு மட்டும் மேக்னம் என்பது கணக்கு. அப்படிப் பயன்படுத்தியவர்களுக்கு அது பல வருஷம் உழைத்தது. பிற்பாடு பயிற்சிக்கும் மேக்னமே போட ஆரம்பித்தார்கள். அதிலும் எடை குறைந்த, வேகம் கூடிய தோட்டாக்கள். சிலிண்டரிலிருந்து தோட்டா குழாய்க்குள் நுழைகிற வாயில், அடிப்பக்கம் உலோகம் மெலிசு. அங்கே விரிசல் விட்டது. 1980-ல் கம்பெனியே கொஞ்சம் பெரிய சட்டத்தில் 586, 686 என்று புது மாடல்கள் கொண்டுவந்தது.

ஆக, மாடல் 19 மட்டமான துப்பாக்கியா? இல்லை. அதற்கு ஊட்டிய தீனி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

புல்லட்டும் இதே கதைதான். பழைய இரும்பு இன்ஜினில் கியர் பாக்ஸ் தனி, பாயின்ட் இக்னிஷன், கையால் சரிசெய்ய வேண்டிய டேப்பட். ஐம்பது அறுபதில் திருவொற்றியூர் ஹைரோடில் போகிறவருக்கு அது தலைமுறை தாண்டும். அதையே பைபாஸில் மணிக்கணக்காக விரட்டினால் தாங்காது, அதற்காகச் செய்ததும் இல்லை. 2000-களின் கடைசியில் வந்த புது இன்ஜினில் எல்லாம் ஒரே கூட்டுக்குள், டேப்பட்டைத் தொடவே வேண்டாம். நெடுந்தூரத்துக்கு அதுதான் சரி. இதில் அப்பா பக்கம்தான் நியாயம்.

ஆனால் உழைப்பு என்பது உடையாமல் இருப்பது மட்டும்தானா? உடைந்தால் யார் சரிசெய்வார் என்பதும் அதில் சேர்த்திதானே? பழைய இன்ஜினை ராயபுரத்தில் ஒரு மரத்தடி மெக்கானிக் நாலு ஸ்பேனரோடு பிரித்து மாட்டிவிடுவார். எலக்ட்ரானிக்ஸ் ஏறிய வண்டிக்கு அதற்கான கருவி வேண்டும், போர்டு கிடைக்க வேண்டும். அந்த மரத்தடி மெக்கானிக்குகள் குறையக் குறைய பழைய புல்லட்டின் ஆயுளும் குறையும். இரும்பு அப்படியேதான் இருக்கும், கைகள்தான் இருக்காது. எனக்குக் கவலை இதுதான்.

இன்னொன்று, காசிமேட்டுக் கடல் காற்று. எவ்வளவு நல்ல இன்ஜினானாலும் மட்கார்டையும் சைலன்சரையும் உப்பு தின்றுவிடும். துப்பாக்கிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். மாடல் 19-ஐ 1970-களில் துருப்பிடிக்காத எஃகில் மாடல் 66 என்று செய்தார்கள். நமக்கு வாய்த்தது ஆயில் துணியும் பெரியப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும் :-)

என் தீர்ப்பு: வண்டி வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் ஊருக்குள் மட்டும். "எது அதிக நாள் உழைக்கும்" என்று யாராவது கேட்டால், "எதைப் போட்டு, எப்படி ஓட்டி, யார் கையில்" என்று திருப்பிக் கேளுங்கள். அது தெரியாமல் சொல்கிற பதில் எல்லாம் வெறும் விளம்பர வாசகம்தான்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அதத்தான்டா நானும் சொன்னேன்" என்று கிக்கரை உதைத்தார்.