பிரதிக்குப் பூட்டு, சங்கத்துக்குச் சாவி

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கு. எந்தத் தறிக்கு எவ்வளவு பாவும் நூலும் கொடுக்கப்பட்டன, நெய்து வந்த உருப்படிகள் எத்தனை, கூலியில் சேமிப்புக்காகப் பிடித்த தொகை என்ன, விவசாய அங்கத்தினர் பெற்ற பயிர்க்கடனில் நிற்கும் நிலுவை என்ன என்பவை யாவும் முன்னர்ப் பேரேட்டில் எழுதப்பெற்றன. இன்று பல சங்கங்களில் அவை கணிப்பொறியில், எக்செல் தாளில் ஏறியுள்ளன. மாதக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கூலிப் பட்டியலைத் தயாரித்து, வங்கிக்கு ஒன்று, தணிக்கையாளருக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று எனப் பிரதிகளை எடுத்து வைக்கும் ‘மேக்ரோ’ என்னும் கட்டளைத் தொகுப்பையும் அக்கோப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ள முடிகிறது. உழைப்பைக் குறைக்கும் இவ்வசதி வரவேற்கத் தக்கதே.

ஆயினும் அப்பிரதிகளின் பாதுகாப்பைப் பற்றி நம் நிர்வாகக் குழுக்கள் போதிய அளவு சிந்திக்க வேண்டும். மூலக் கோப்புக்குக் கடவுச்சொல் இட்டாயிற்று என்று காரியதரிசி சொன்னதும் மன அமைதி கொண்டுவிடுதல் தகாது. பிரதி ஒவ்வொன்றும் பூட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். அப்பூட்டின் சாவி தனி மனிதர் ஒருவரின் நினைவில் மட்டும் இராமல் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

பெரிய அலுவலகங்களே இவ்விஷயத்தில் தவறியுள்ளன. பிரிட்டனில் 2007 அக்டோபரில் வரித்துறையினர், குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்களை இரண்டு தகடுகளில் பிரதி எடுத்து, லண்டனிலுள்ள தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பினர். தகடுகள் போய்ச் சேரவில்லை. சுமார் 2 கோடியே 50 லட்சம் பேருடைய பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரங்கள் அவற்றில் இருந்தன. கடவுச்சொல் இடப்பட்டிருந்தது, ஆனால் விவரங்கள் மறைகுறியாக மாற்றப்படவில்லை. வங்கி விவரங்களை நீக்கித் தருமாறு தணிக்கையாளர்கள் முன்பே கேட்டிருந்தும், முழுப் பிரதியே அனுப்பப்பட்டது. துறைத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்டவர் ஒருவருக்கு விடையாக எக்செல் கோப்பு ஒன்றை வெளியிட்டது. அதனுள் மறைந்திருந்த ஒரு தாளில் 9,483 பேருடைய பெயரும் பதவியும் பணியிடமும் இருந்தன. அத்துறைக்கு 2024-இல் 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மூலக் கணக்கு அதனதன் இடத்திலேயே இருந்தது. கேடு விளைத்தது வெளியே சென்ற பிரதியே.

இனி, பூட்டுகளின் தரத்தை அறிதல் வேண்டும். எக்செல்லில் கடவுச்சொல் கேட்கும் இடங்கள் பல. அவை யாவும் ஒரே வலிமை உடையன அல்ல. கோப்பைத் திறப்பதற்கே இடும் கடவுச்சொல் ஒன்று. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வந்த புதிய அமைப்பில், இது கோப்பு முழுவதையும் ஏ.இ.எஸ். என்னும் முறையால் மறைகுறியாக மாற்றிவிடுகிறது. நீண்ட, ஊகிக்க இயலாத சொல்லாயின் இதுவே உண்மையான இரும்புப் பெட்டி. திருத்துவதற்கு மட்டும் இடும் கடவுச்சொல் மற்றொன்று. அதை அறியாதவரும் கோப்பைத் திறந்து முழுவதையும் படிக்கலாம். வேறு பெயரில் சேமித்தும் கொள்ளலாம். தாளுக்கு இடும் காப்பு மூன்றாவது. வாய்பாடுகள் கைதவறி அழியாமல் காப்பதே அதன் பயன். அதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கருத வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறுகிறது. மேக்ரோவின் வரிகளை மறைக்க இடும் கடவுச்சொல் நான்காவது; விவரம் அறிந்தவர் அதை எளிதில் கடந்துவிடுவர். பின்னைய மூன்றையும் இட்டுவிட்டுப் பூட்டிவிட்டோம் என்று இருப்பது, வாசலுக்குத் திரைச்சீலை கட்டிவிட்டு உறங்குவது போன்றதாகும்.

மேக்ரோ பிரதி எடுக்கும் வழிகளிலும் வேறுபாடு உண்டு. ‘சேவ் காப்பி ஆஸ்’ என்னும் கட்டளை, திறந்திருக்கும் கோப்பை அப்படியே இன்னொரு பெயரில் எழுதி வைக்கிறது. புதிய கடவுச்சொல் தருவதற்கு அதில் இடமில்லை. மூலத்தில் எந்தப் பூட்டு உள்ளதோ அதுவே பிரதிக்கும் அமையும். காப்புப் பிரதிக்கு இது பொருத்தமானது. ஆனால் அப்பிரதியை வெளியாருக்கு அனுப்பினால் சங்கத்தின் மூலச் சாவியையே அவரிடம் கொடுக்க வேண்டியதாகும். மேலும், மேக்ரோ அடங்கிய எக்ஸ்.எல்.எஸ்.எம். கோப்பை இக்கட்டளையால் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்று பெயரிட்டு எழுதினால், பெயர் மாறுமே அன்றி அமைப்பு மாறாது. அக்கோப்பை எக்செல் திறக்க மறுக்கும். தேவையான நாளில் காப்புப் பிரதி பயன்படாமற் போவதற்கு இது ஒரு காரணம்.

‘சேவ் ஆஸ்’ என்னும் கட்டளையில் புதிய கடவுச்சொல் தர இடமுண்டு. ஆனால் அதை இயக்கியதும் திரையில் திறந்திருப்பது மூலக் கோப்பாக இராமல் புதிய பிரதியாகிவிடுகிறது. இதை உணராத எழுத்தர், அடுத்த நாள் வரவையும் பற்றையும் பிரதியிலேயே பதிந்துகொண்டு போவார். ஒரு சங்கத்துக்கு இரண்டு பேரேடுகள் தோன்றும். எது உண்மை என்பது தணிக்கையின்போதுதான் தெரியவரும். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சொல்லை எழுதிவிட்டாலோ, இருந்த பூட்டும் நீங்கிவிடும்.

வெளியாருக்கு அனுப்பத் தகுந்தது மூன்றாவது வழி. வேண்டிய தாளை மட்டும் புதிய கோப்பாக எடுத்து, வாய்பாடுகளை வெறும் எண்களாக மாற்றி, பெறுபவருக்கு வேண்டாத பத்திகளை நீக்கி, மேக்ரோ இல்லாத எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். அமைப்பில் சேமிப்பதே அது. ஆனால் இப்படிப் பிறக்கும் புதிய கோப்புக்கு மூலத்தின் திறப்புக் கடவுச்சொல் தானாக வருவதில்லை. சேமிக்கும் வரியிலேயே அதற்கெனத் தனிக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். தவறினால் அங்கத்தினர் அனைவரின் விவரமும் திறந்த மடலாகவே போகும். வங்கி சி.எஸ்.வி. அமைப்பில் கேட்டால், அவ்வமைப்பு எந்தக் கடவுச்சொல்லையும் ஏற்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அத்தகைய கோப்பை வங்கியின் தளத்தில் நேரே ஏற்றிவிட்டு, கணிப்பொறியிலிருந்து உடனே நீக்கிவிடுவதே நன்று.

மேக்ரோ எழுதுவோர் செய்யும் பிழை ஒன்றையும் இங்குக் கூறியாக வேண்டும். வசதி கருதிக் கடவுச்சொல்லை மேக்ரோவின் வரிக்குள்ளேயே எழுதிவிடுகின்றனர். கோப்பைத் திறக்கக்கூடியவர் எவரும் அதைப் படிக்கலாம். மேக்ரோவோடு செல்லும் ஒவ்வொரு பிரதியும் அச்சொல்லைச் சுமந்துகொண்டே செல்கிறது. பூட்டின் மீதே சாவியைக் கட்டித் தொங்கவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இயக்கும் வேளையில் பொறுப்பாளரைக் கேட்டு வாங்கும்படி மேக்ரோவை அமைப்பதே முறை. பெறுபவருக்குரிய கடவுச்சொல்லைக் கோப்பு செல்லும் அதே மின்னஞ்சலில் எழுதாமல், தொலைபேசி வழியே தனியாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு சிறிய சங்கத்துக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். சங்கம் சிறிதாக இருக்கலாம். அதன் ஏட்டிலுள்ள அங்கத்தினரின் மானம் சிறிதன்று. ஒரு நெசவாளரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் மோசக்காரர் கையில் சிக்கினால், அவருடைய பல மாதக் கூலிக்கு ஆபத்து நேரலாம். ஒரு விவசாயியின் கடன் நிலுவை ஊரெங்கும் பேசப்பட்டால் அவர் வீட்டுத் திருமணமே தடைப்படலாம். பிறருடைய விவரங்களைக் கணிப்பொறியில் வைத்திருப்போர் தக்க பாதுகாப்புச் செய்தல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விதிக்கிறது. சட்டம் சொல்லாவிடினும், நம்பி விவரம் தந்தவருக்கு நாம் பட்ட கடன் அது.

மற்றொரு ஆட்சேபம் இதைக் காட்டிலும் வலுவானது. “கடவுச்சொல் மறந்துபோனால் அந்த மாதக் கூலியே நின்றுவிடுமே!” என்பர். உண்மைதான். திறப்புக் கடவுச்சொல்லை இழந்த கோப்பை மீட்டுத் தர இயலாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே அறிவித்துள்ளது. காரியதரிசி மாற்றலாகிப் போகலாம், நோய்வாய்ப்படலாம், குழுவோடு மனவேறுபாடு கொண்டு விலகலாம். கடவுச்சொல் அவர் ஒருவரின் மனத்தில் மட்டும் இருந்தால், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அவருடைய நினைவாற்றலை நம்பி நிற்கிறது என்று பொருள். இதற்கு அஞ்சிப் பூட்டையே கைவிடுவது தீர்வாகாது. சாவியைப் பொதுவில் வைப்பதே தீர்வு. நகைக்கடன் கொடுக்கும் சங்கங்களில் பெட்டகத்தை இருவர் கூட்டுப் பொறுப்பில் வைத்திருக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அவ்வழக்கத்தையே இங்கும் கைக்கொள்ளலாம்.

ஆகவே, சங்க நிர்வாகக் குழுக்கள் தம் அடுத்த கூட்டத்திலேயே பின்வருமாறு தீர்மானம் இயற்றுதல் நலம். கோப்புகளின் கடவுச்சொற்களை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். உறையைப் பிரிக்க நேரின் இருவர் முன்னிலையில் பிரித்து, காரணத்தைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். பொறுப்பாளர் மாறும் நாளிலேயே கடவுச்சொல்லும் மாற வேண்டும். மூலத்தின் சொல்லை மாற்றுவதால் முன்னர் எடுத்த பிரதிகளின் சொல் மாறிவிடாது. பழைய பிரதிகள் பழைய சொல்லுக்கே திறக்கும். ஆதலால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தச் சொல் வழங்கியது என்பதையும் உறையில் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காப்புப் பிரதி ஒன்றை உறையிலுள்ள சொல்லைக் கொண்டே திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத காப்புப் பிரதி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இப்பூட்டுகள் அங்கத்தினருக்கு எதிரானவை என்று எவரும் எண்ணலாகாது. தம் கணக்கைக் காணும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு; கேட்ட பொழுதில் அதைக் காட்டும் கடமை சங்கத்துக்கு உண்டு. ஒருவர் கணக்கு அவருக்குத் திறந்திருப்பதும் ஊராருக்கு மூடியிருப்பதும் ஒரே நாணயத்தின் பாற்பட்டவை. இதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை. ஓர் உறையும், ஒரு தீர்மானமும், மேக்ரோவில் சில வரித் திருத்தமுமே வேண்டுவன. நிர்வாகிகள் காலம் தாழ்த்தாது ஆவன செய்வார்களாக. குழு மறந்தால், பொதுப்பேரவையில் எழுந்து இதைக் கேட்கும் பொறுப்பு அங்கத்தினர்களுடையது.