ஐந்தாண்டில் தேயும் லயம், ஐம்பதாண்டு வாழும் தொழிலாளி



லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஆபீசுக்குப் போனால் கிடைக்கும் பதிலைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. "பழைய வீடு, கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை" என்பார்கள். மதிப்பு போனது எதனால்? மழையாலா? கரையானாலா? இல்லை, வரிச் சட்டத்தால்!

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பாருங்கள். முதலாளி தன் புத்தகத்தில் எழுதும் தேய்மானத்தை வரி இலாகா ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக விவசாயக் கழிவு தருகிறது. ஸ்டோர், கொட்டகை போன்றவற்றுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 10. தொழிலாளர் குடியிருக்கும் வீட்டுக்கோ நூற்றுக்கு 20! ஒரு லட்சம் வெள்ளியில் லயம் கட்டினால், வரிக்குரிய வருமானத்தில் ஆண்டுக்கு 20,000 வெள்ளி கழியும். கம்பெனி வரி நூற்றுக்கு 24 என்று வைத்தால், ஐந்தாண்டில் மிச்சமாகும் வரி 24,000 வெள்ளி. ஆறாம் ஆண்டில் வரிக்கணக்கில் அந்த லயம் சூன்யம். அதன் கீழுள்ள நிலத்துக்கோ தேய்மானமே கிடையாது. அதன் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தச் சலுகை தவறென்று நாம் கூறவில்லை. தொழிலாளிக்கு வீடு கட்டட்டும் என்று சர்க்கார் தந்த ஊக்கம் அது. ஆனால் விட்டுக்கொடுத்த வரி பொதுமக்கள் பணமல்லவா? மேலும், கூரைத் தகரம் மாற்றுவதும் பலகை அடிப்பதும் பழுதுபார்ப்புச் செலவு. அதை அந்தந்த ஆண்டு வருமானத்திலேயே கழித்துக்கொள்ளலாம். சூன்யமான லயத்துக்கும் அது உண்டு. பின் எதற்கு இந்தச் சாக்கு?

வாரிசு விஷயத்துக்கு வருவோம். முதலாளி கண்மூடினால் தோட்டம் மகனுக்கு. ஐந்தாண்டு முடியவில்லையென்றால் மீதிக் கழிவும் சொத்தோடு அவனைச் சேரும். இறந்தவர் சொத்துக்கான வரியும் 1991 நவம்பர் முதல் ஒழிந்தது. நம்மவர் கதி? லாபிஸிலோ குளுவாங்கிலோ பாட்டனும் தகப்பனும் பால் வெட்டிய தோட்டத்தில் பிறந்தவன், வேலை ஓய்ந்ததும் சாவியை ஆபீசில் வைத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டும். பரம்பரை என்பது துரைமார் வீட்டுச் சொல் மட்டும்தானா?

1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் இதுவே நடந்தது. விற்றவனும் வாங்கியவனும் இலாபக் கணக்குப் பார்த்தார்கள். லயத்திலிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உங்கு அஜிஸ் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளி சேர்த்த வெள்ளியைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டினார். தோட்டத்தையே வாங்கியவர்களுக்கு ஒரு வீட்டைக் கேட்க வாய் வராதா?

நாம் கேட்பது இது. லயத்துக்குக் கழிவு பெற்ற தோட்டம் கைமாறினாலும் வீட்டுமனையானாலும், அங்கே குடியிருக்கும் குடும்பத்துக்குச் சொந்த வீடு தர வேண்டும். அதையே கழிவுக்கு நிபந்தனையாகச் சட்டத்தில் எழுத வேண்டும். ஓய்வு பெற்றவரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் லயம் எந்த ஆண்டு கட்டியது, எத்தனை குடும்பம், கடைசியாகக் கூரை மாற்றியது எப்போது? பெரியவர்களைக் கேட்டு எழுதி, கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் கிராணிமார் எழுதிக் கொடுக்கட்டும்.