கரும்பாலைக் கழிவு: மரக்காணம் கவனிக்க வேண்டியது என்ன?

மரக்காணத்தில் சர்க்கரை ஆலை இல்லை. ஆனால் அதே விழுப்புரம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் ஆலைகள் உள்ளன. அவை மரக்காணத்தைக் கெடுத்தன என்று இங்கே சொல்லவில்லை. ஆனால் உள்நாட்டு ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் சேர்ந்து, உப்பளங்களை ஒட்டித்தான் கடலுக்குப் போகிறது. மேட்டில் எந்தக் கழிவு கலந்தாலும் அடிவாங்குவது மீனவரும் உப்பளத் தொழிலாளியும்தான்.

ஆலைக் கழிவில் இருப்பது சர்க்கரைதானே என்று நினைத்துவிடக் கூடாது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும். 2018 மே மாதம் பஞ்சாபில் ஓர் ஆலையின் கரும்புப்பாகு பியாஸ் நதியில் கலந்து ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன. ஆலைக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தால் மீன்கள் திரும்பி வருமா?

தீர்வு கடினமானதல்ல. கரும்பில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். அதையே சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஒரு டன் கரும்புக்கு 200 லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி.

5,151 ஹெக்டேர் கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமானது. அறிவிப்பு மட்டும் போதாது. ஆலைகளின் கழிவுநீர் அளவீடுகளைத் தமிழில், ஊராட்சிதோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.