சாய்த்தால் ஓடும் வண்டியும் நம் மாணவரும்

கல்லூரிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளுள், கைப்பேசியைச் சாய்த்து ஓட்டும் சிறு மோட்டார் வண்டியைப் பெரும்பாலும் காணலாம். மாணவன் கைப்பேசியை முன்னே சாய்க்க வண்டி முன்செல்லும். பின்னே சாய்க்கப் பின்வாங்கும். வலமும் இடமும் அவ்வாறே. காண்போர் கைகொட்டுவர். தீர்ப்பாளரும் ‘நன்று’ எனக் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்வர். அக்கைகொட்டல் உரிய இடத்தில்தான் நிகழ்கின்றதா என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இது சிறுபிள்ளை விளையாட்டெனப் பழிப்பாரும் உளர். அவரோடு எமக்கு உடன்பாடில்லை. 1898 ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்பார், நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்குவேர் கார்டனில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றைக் கம்பித் தொடர்பின்றி ரேடியோ அலைகளாற் செலுத்திக் காட்டினார். அன்று அதுவும் விளையாட்டுப் பொருளாகவே தோன்றியிருக்கும். இன்றோ ஆளில்லா ஊர்திகள் வானத்திலும் கடலிலும் இயங்குகின்றன. ஆகவே விளையாடுதல் குற்றமன்று. விளங்கிக்கொள்ளாது விளையாடுதலே வருந்தத்தக்கது.

இவ்வண்டியின் உயிர்நிலை சக்கரத்தில் இல்லை, கைப்பேசியினுள் இருக்கின்றது. முடுக்கமானி எனப்படும் உறுப்பு அங்கே மிகச் சிறிய சில்லாக அமைந்துள்ளது. அதனுள் சிலிக்கனாலாகிய நுண்ணிய எடையொன்று, சிலிக்கனாலேயே ஆகிய விற்சுருள் போன்ற தாங்கிகளில் தொங்குகின்றது. கைப்பேசி சாயுங்கால் அவ்வெடை ஈர்ப்பினாற் சிறிது இடம்பெயர, அருகிலுள்ள தகடுகளின் மின்தேக்குதிறன் மாறும்; அம்மாற்றமே எண்ணாக வெளிப்படும். மேசைமீது மல்லாந்து கிடக்கும் கைப்பேசியில் மேனோக்கிய அச்சு ஏறத்தாழ 9.8 என்று காட்டும். மற்றை இரண்டும் சுழியை ஒட்டி நிற்கும். ஒரு பக்கமாக 30 பாகை சாய்த்தால், அதிற் சரிபாதியாகிய 4.9 அப்பக்கத்து அச்சிற் காணப்படும். முப்பது பாகையின் சைன் அரை என்று பள்ளியில் நெட்டுருச் செய்த மாணவன், அதனைத் தன் உள்ளங்கையிற் காணும் இடம் இதுவன்றோ!

இன்னுமொரு நுட்பம் உண்டு. கைப்பேசியைச் சாய்க்காமலே பக்கவாட்டில் வெடுக்கென இழுத்தாலும் வண்டி திரும்ப முயலும். ஏனெனின், ஈர்ப்பையும் இயக்கத்தின் முடுக்கத்தையும் அவ்வுறுப்பு வேறுபிரித்தறியாது. 1907 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் சிந்தித்துப் பற்றிக்கொண்ட பேருண்மையும் இதனோடு தொடர்புடையதே. மேசைமீது கிடத்தியவாறே கைப்பேசியை மெல்லச் சுழற்றினாலோ வண்டி வாளாவிருக்கும், சாய்வு மாறவில்லையே! இவ்விரண்டையும் செய்து பார்த்துக் காரணம் வினவிய மாணவனுக்கு, வண்டி ஓடாதொழியினும் யான் பரிசு வழங்குவேன்.

எஞ்சியன கடைச்சரக்கே. சாய்வைக் கட்டளையாக ஏந்திச் செல்லும் புளூடூத் கருவி, அதனைப் படிக்கும் ஆர்டுயினோ பலகை, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திசைமாற்றி ஊட்டும் டிரைவர், பேட்டரி, சக்கரங்கள் ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாலைப்பொழுதில் வாங்கிவிடலாம்.

துயரம் யாதெனின், உறுப்புகளேயன்றி முழு வண்டியும், அதன் நிரலும், அறிக்கைப் புத்தகமுங்கூட விலைக்குக் கிடைக்கின்றன. இறுதியாண்டில் அவற்றை வாங்கித் தன் பெயரை ஒட்டிக்கொள்ளும் மாணவனைக் கடிதல் எளிது. ஓடினால் மதிப்பெண் என்று விதித்து அவ்வாணிகத்தை வளர்ப்பவர் யார்? ஆசிரியராகிய நாமே. வாங்கிய வண்டியும் ஓடத்தான் செய்யும். ஆதலின் ஓட்டம் ஒரு சோதனையாகாது.

நிற்றலே சோதனை. இத்தகைய புளூடூத் தொடர்பு ஏறத்தாழப் பத்து மீட்டர் வரையே நம்பத்தக்கது. மாணவன் அதற்கப்பால் நடந்தாலும், கைப்பேசியின் பேட்டரி தீர்ந்தாலும் தொடர்பு அறும். அப்பொழுது வண்டி என் செய்யும்? எளிய நிரலாயின், இறுதியாக வந்த ‘முன்செல்’ என்னுங் கட்டளையைப் பற்றிக்கொண்டு சுவரில் மோதுமட்டும் ஓடும். கைப்பேசி விடாது கட்டளை அனுப்புதலும், அரை வினாடி வரை புதுக்கட்டளை வாராவிடின் வண்டி தானே நிற்றலும் ஆகிய ஏற்பாட்டிற்குச் சில வரிகளே போதும். ஆயினும் அவ்வரிகளை எழுதத் தோன்றுவது, தன் சொல்லை வண்டி கேளாத நிலையை முன்னரே எண்ணிப் பார்த்தவனுக்கே. கைகளை அசைக்க இயலாதார் தலையைச் சாய்த்துச் செலுத்தும் சக்கர நாற்காலிக்கும் இதே முறையை அமைக்கலாம். நம் மாணவருள் ஒருவர் நாளை அதனைச் செய்யக்கூடும். கண்காட்சி வண்டி மோதினால் நொறுங்குவது பிளாஸ்டிக். நாற்காலியிலோ ஒருவர் அமர்ந்திருப்பார்.

ஆகவே வருங் கண்காட்சியின் தீர்ப்பாளர்க்கு ஒரு வேண்டுகோள். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் மாணவனின் கைப்பேசியை வாங்கிப் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இரண்டு முழத்துக்குள் வண்டி நிற்கின்றதா எனப் பாருங்கள். கைநடுக்கத்தால் வண்டி துள்ளாதிருக்க எத்தனை பாகைச் சாய்வை நிறுத்தமாகக் கொண்டாய் என வினவுங்கள். பத்து என்பானாயின், அதனை அவ்விடத்திலேயே இருபதாக்கி மீண்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மேசைக்குக் கால்மணி நேரம் செல்லும். மேசைகள் சில மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும். அதனால் யாதொரு நட்டமுமில்லை.